திசைக்கு ஓர் எல்லை

(திருவண்ணாமலையில் நிகழ்ந்த விழா அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வவை கூடியிருக்கும் ஊர் திசைகளை நன்கு அறிந்த ஊர். அண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் வழியில் இந்திரன், அக்கினி, இயமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என்னும் எண்திசைக் காவலர் பெயரால் எட்டு இலிங்கங்கள் அமைந்துள்ளன. நிறைமதி நாள்தோறும் பெருந்திரளான மக்கள் அவ்வழியே நடக்கின்றனர். தம் கால் எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை நடப்பவர் ஒவ்வொருவரும் அறிவர். தம் வாழ்க்கை எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? இவ்வினாவே இன்றைய உரையின் பொருள்.

வாழ்க்கைக்கு நல்ல திசை எது என்று கேட்டால், உலகம் பல விடைகளைத் தரும். பொருள் சேர்க்கும் திசை என்பார் சிலர். புகழின் திசை என்பார் சிலர். சமண அறநூல்கள் இவ்வினாவை வேறொரு முனையிலிருந்து தொடங்குகின்றன. எத்திசையில் செல்ல வேண்டும் என்று கூறுமுன், ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு தொலைவிற்கு அப்பால் செல்லலாகாது என்பதை வரையறுத்துக்கொள்ளுமாறு சாவகனைப் பணிக்கின்றன. அதற்குத் திக்விரதம் என்று பெயர்.

சமந்தபத்திராசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இவ்விரதத்தைக் குணவிரதங்களுள் முதலாவதாக வைக்கிறது. அந்நூலின் வழியில் தமிழில் தோன்றியதே அருங்கலச்செப்பு. இரத்தினகரண்டகம் என்னும் சொல்லின் பொருளும் அருங்கலம் வைக்கும் செப்பு என்பதே. பத்துத் திசைகளிலும் தான் செல்லும் எல்லையை இல்லறத்தான் வாழ்நாள் முழுமைக்கும் வரையறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அம்மூல நூல். அந்த எல்லைக்கு அடையாளமாக அது கூறும் பொருள்கள் எவை? கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை அளவு. அனைத்தும் கண்ணுக்குத் தெரிபவை, எண்ணிக்கையில் அடங்குபவை. ‘இயன்ற வரையில்’ என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை. ‘அந்த ஆறு வரை’, ‘இந்த மலை வரை’ என்று திட்டமாகச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு திட்டம் ஏன் வேண்டும்? பழக்கத்தின் இயல்பை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

வயலின் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டாவதை எண்ணிப் பார்க்க. அதனை எவரும் திட்டமிட்டு அமைப்பதில்லை. ஒருநாள் ஒருவர் அவசரமாகக் குறுக்கே நடந்தார். மறுநாளும் நடந்தார். புல் மடிந்தது. மடிந்த புல்லைக் கண்ட அடுத்தவரும் அவ்வழியே நடந்தார். ஒரு பருவம் கழிந்தபின் அது பாதையாகிவிட்டது. நடந்தவர் எவரும் பயிரை அழிக்க எண்ணவில்லை; ஆயினும் பயிர் அழிந்தது. மனிதரின் தீய பழக்கங்களும் இவ்வாறே உண்டாகின்றன. ‘நாளை முதல் சுற்றுவழியில் செல்வேன்’ என்று இரவில் எண்ணுகிறார் ஒருவர். காலையில் மனம் விழிக்குமுன் கால் விழித்து, பழைய பாதையில் திரும்பிவிடுகிறது. அப்பாதையின் வாயிலில் ஒரு முள்வேலி கட்டினால்தான் கால் நிற்கும். கால் நின்ற சில நாளில் புல் மீண்டும் முளைக்கும்.

நல்லெண்ணத்திற்கும் விரதத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. நல்லெண்ணம் மனத்தில் தோன்றி மறையும். விரதமோ வேலி. எதனை விடுவது, எந்த எல்லை வரை விடுவது, எவ்வளவு காலம் விடுவது, யார் முன்னிலையில் ஏற்பது என்னும் நான்கு கால்கள் அதற்கு உண்டு. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் வேலி சாயும்.

வேலியை எங்கே தொடங்குவது என்பதற்கு உத்தரபுராணம் ஓர் அரிய வரலாற்றைத் தருகிறது. பகவான் மகாவீரரின் சமவசரணத்தில் வினாக்கள் எழுப்பிய மகதப் பேரரசர் சிரேணிகரின் முற்பிறப்பு வரலாறு அது. அப்பிறப்பில் அவர் விந்திய மலைக்காட்டில் வாழ்ந்த கதிரசாரன் என்னும் வேடன். சமாதிகுப்தர் என்னும் முனிவரை அவன் ஒருநாள் வணங்கினான். கள்ளும் புலாலும் தேனும் விடுவதே அறம் என்று முனிவர் கூற, ‘அது என்னால் இயலாது’ என்றான் வேடன். முனிவர் சினக்கவில்லை, அவனைத் தள்ளிவிடவுமில்லை. ‘காக்கையின் ஊனை இதற்குமுன் உண்டதுண்டா?’ என்று கேட்டார். ‘இல்லை’ என்றான். ‘அவ்வாறாயின் அதனையேனும் உண்ணாதிருப்பதாக விரதம் ஏற்றுக்கொள்’ என்றார். வேடன் மகிழ்ந்து ஏற்றான்.

மேலோட்டமாக நோக்கினால் இது நகைப்பிற்குரிய விரதம். உண்ணாத ஒன்றை உண்ணாதிருப்பதில் என்ன அருமை? ஆனால் சில காலம் கழித்து அவ்வேடன் நோயுற்றான். காக்கையின் ஊனே மருந்து என்றனர் மருத்துவர். உற்றார் வற்புறுத்தினர். அவன் மறுத்தான். உயிரினும் ஏற்ற சொல் பெரிதென்று கொண்டான். அந்தப் படுக்கையில் ஊன் அனைத்தையும் விட்டு, அணுவிரதங்கள் ஐந்தையும் ஏற்று உயிர் நீத்தான் என்கிறது புராணம். தொடக்கத்தில் ‘இயலாது’ என்று அவன் தள்ளிய பெரிய அறம், இறுதியில் அவன் கைக்கு எட்டியது. எட்டவைத்த படி, காக்கை ஊன் என்னும் சிறிய படியே.

இவ்வரலாறு புராண காலத்தது. இன்றைய வாழ்விற்குப் பொருந்துமா என்று இளைஞர் கேட்கலாம். கேட்பது முறையே. அண்மைக் காலத்தில், நாடறிந்த ஒருவர் வாழ்வில், அவரே எழுதிவைத்த சான்றுகளுடன் இதே நெறி நடந்திருக்கிறது. அவர் காந்தியடிகள். அவர் பிறப்பால் வைணவர். எனினும் அவர் ஏற்ற முதல் பெரும் விரதத்தைச் செய்வித்தவர் ஒரு சமணத் துறவி.

இளமையில் காந்தியடிகள் ஒரு நண்பரின் தூண்டுதலால் மறைவாகப் புலால் உண்டார். ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் ஐந்தாறு முறை அவ்வாறு நிகழ்ந்தது. பெற்றோரிடம் பொய் கூற நேர்வதைப் பொறாமல் அதனை நிறுத்தினார். ஆனால் புலால் தீது என்னும் தெளிவு அப்போது அவருக்கு இல்லை. பெற்றோர் காலத்திற்குப்பின் வெளிப்படையாகவே உண்ணலாம் என்றுதான் எண்ணியிருந்தார்.

1888ஆம் ஆண்டு சட்டம் பயில அவர் இங்கிலாந்து செல்ல விழைந்தார். தாயார் புத்லிபாய் அஞ்சினார். அப்போது அக்குடும்பத்தின் அறிவுரையாளராக விளங்கியவர் பேசர்ஜி சுவாமி. காந்தியடிகளின் மோத் வணிகர் குலத்திலேயே பிறந்து சமணத் துறவு பூண்டவர். அவர் ஒரு வழி கண்டார். மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று தாயின் முன்னிலையில் இளைஞரைச் சூளுரைக்கச் செய்தார். பொருள் மூன்று, காலம் அயல்நாட்டில் வாழும் காலம், சான்று தாய். வேலியின் கால்கள் அனைத்தும் அங்கே ஊன்றப்பட்டன. தாய் இசைந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள் மகன் பம்பாயில் கப்பல் ஏறினார்.

இலண்டனில் அவ்விரதம் அவரைப் பட்டினி போட்டது. உப்பும் சுவையுமற்ற வேகவைத்த காய்கள் தொண்டையில் இறங்கவில்லை. நண்பர் ஒருவர் எழுத்தறியாத தாய்க்குக் கொடுத்த சொல்லுக்கு என்ன மதிப்பு என்று வாதிட்டார். பெந்தாமின் நூலைப் படித்துக் காட்டினார். காந்தியடிகளுக்கு அவ்வாதத்தை வெல்லத் தெரியவில்லை. தமக்கு வாதிடத் தெரியாது, எனினும் சூளுரையை மீற இயலாது என்று மட்டும் கூறினார். இளைஞர் மனங்கொள்ள வேண்டிய இடம் இது. அறிவு தளர்ந்த நேரத்தில் அறத்தைக் காத்தது விரதம்.

பின்னர் ஒருநாள் இலண்டனின் பாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தை அவர் கண்டார். அதன் வாயிலில் விற்ற நூல்களுள் ஹென்றி சால்ட் என்பார் மரக்கறி உணவை ஆதரித்து எழுதிய நூலை ஒரு சில்லிங் கொடுத்து வாங்கினார். அதனை முழுதும் படித்தபின்னரே, தாய்க்காகப் புலால் விட்டவர் தாமே தெளிந்து விட்டவரானார். தாய்முன் சூளுரைத்த நாளை அன்று வாழ்த்தினார். வேலி முதலில் வந்தது. விளக்கம் பின்னர் வந்தது. விளக்கம் கிடைத்தபின்தான் பழக்கத்தை மாற்றுவேன் என்று காத்திருப்போர் பலர். விளக்கம் வந்து சேரும்வரை வயலைக் காப்பது வேலியே.

1891ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய காந்தியடிகள், பம்பாயில் இராய்சந்த்பாய் என்னும் சமண அறிஞரைச் சந்தித்தார். மணி வணிகம் செய்துகொண்டே ஆன்ம ஆராய்ச்சியில் தோய்ந்திருந்த அவர், காந்தியடிகளுக்கு இரண்டு அகவையே மூத்தவர். தென்னாப்பிரிக்காவில் சமயம் பற்றிய ஐயங்கள் எழுந்தபோது காந்தியடிகள் கடிதம் எழுதித் தெளிவு பெற்றவருள் அவர் முதன்மையானவர்.

1915ஆம் ஆண்டு ஹரித்துவாரக் கும்பமேளாவின்போது காந்தியடிகள் வேறொரு விரதம் ஏற்றார். இந்தியாவில் இருக்கும் காலத்தில் ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டியபின் உண்பதில்லை. தம்மை விருந்தோம்புவோர் பற்பல உணவுகளைச் சமைத்துத் துன்புறுவதைக் கண்டு, தம் பொருட்டுப் பிறர் வருந்தலாகாது என்று அவ்வெல்லையை வகுத்தார். தம்மைக் கடுமையாகச் சோதித்த அவ்விரதங்களே தமக்குக் கேடயமாகவும் அமைந்தன என்று பின்னர் எழுதினார். தமிழ்ச் சமணர் இல்லங்களில் பிறந்த குழந்தைக்குப் பாலோடு புகட்டப்பட்ட இரவு உண்ணாமை, பிறப்பால் சமணரல்லாத ஒருவருக்கு நாற்பத்தைந்தாம் அகவையில் தேடிப்பெற்ற செல்வமாயிற்று. பிறப்போடு வந்த செல்வத்தின் அருமையை இல்லத்தார் மறப்பதும், தேடிப் பெற்றவர் போற்றுவதும் உலக இயல்பு.

தமிழ்நாட்டு மண்ணில் நிகழ்ந்த விரதமும் ஒன்று உண்டு. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, காந்தியடிகள் தம் தொப்பியையும் மேற்சட்டையையும் நீக்கி முழங்கால் வரையுள்ள ஒற்றை ஆடைக்கு மாறினார். கதராடை வாங்கும் வசதி தமக்கில்லை என்று தொடர்வண்டியில் ஏழை மக்கள் கூறியது அவர் நெஞ்சைத் தைத்திருந்தது. அன்று அவர் வெளியிட்ட அறிவிப்பில் ஒரு நுட்பம் உண்டு. வாழ்நாள் முழுவதும் இவ்வாறே உடுப்பேன் என்று அவர் கூறவில்லை. குறைந்தது அக்டோபர் 31ஆம் நாள் வரை என்றே கூறினார். நாற்பது நாளுக்குச் சற்றுக் குறைவான எல்லை அது. அவ்வெல்லை கடந்தும் அவ்வாடை நிலைத்தது. 1931இல் இலண்டனில் அரண்மனை விருந்திற்கும் அவ்வாடையிலேயே சென்றார். 1948இல் உயிர் நீத்தபோதும் அவ்வெளிய உடையே உடலில் இருந்தது.

சமந்தபத்திரர் நூலில் இதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. கால எல்லையோடு ஏற்பது நியமம். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். இன்று ஒருநாள், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம், அரையாண்டு என்று நியமத்திற்குரிய கால அளவுகளையும் அந்நூல் அடுக்கிக் காட்டுகிறது. யமம் மலையின் உச்சி என்றால், நியமம் அதற்குரிய படிக்கட்டு. மதுரையில் நியமமாகத் தொடங்கியது யமமாக முடிந்தது.

இனி, இவ்வழியில் கால் இடறும் இடங்களையும் கூறவேண்டும். திக்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது வழுக்கள், கூறப்பட்டுள்ளன. மேல்நோக்கி எல்லை கடத்தல், கீழ்நோக்கிக் கடத்தல், குறுக்கே கடத்தல் என்பன மூன்று. நான்காவது, எல்லையை வசதிக்கேற்ப விரித்துக்கொள்ளுதல். ஐந்தாவது, வகுத்த எல்லையையே மறத்தல். முதல் மூன்றும் காலின் குற்றம். நான்காவது அறிவின் குற்றம். ஐந்தாவது நெஞ்சின் குற்றம்.

அறிவின் குற்றத்திற்குக் காந்தியடிகளே தம் வாழ்விலிருந்து சான்று தந்தார். 1912ஆம் ஆண்டு அவர் பால் உண்பதை விட்டார். 1918இல் கடும் நோயுற்று மெலிந்தபோது, பால் இன்றி உடல் தேறாது என்றார் மருத்துவர். விரதம் தடுத்தது. ‘ஆட்டுப்பாலுக்குத் தடை இல்லையே’ என்றார் கஸ்தூரிபாய். விரதம் ஏற்றபோது பசுவும் எருமையும் மட்டுமே மனத்தில் இருந்தன என்று கூறி அவர் ஆட்டுப்பால் அருந்தினார், உயிர் தேறினார். ஆனால் விரதத்தின் சொல் பிழைத்தது, உயிர் போயிற்று என்று தம் வரலாற்றில் வருந்தி எழுதினார். இலண்டனில் மாணவராக இருந்தபோது முட்டை புலாலாகாது என்று சிலர் கூறக் கேட்டுச் சின்னாள் உண்டவர், தாயின் கருத்தில் முட்டையும் புலாலே என்றுணர்ந்து உடனே விட்டவர் அவர். விரதத்திற்கு இரு பொருள் தோன்றினால், அதனைச் செய்வித்தவர் கொண்ட பொருளே பொருள் என்பது அவர் கண்ட விதி. அவ்விதியை வகுத்தவரே பின்னொரு நாள் தளர்ந்தார். தளர்ந்ததை மறைக்காமல் உலகறிய உரைத்தார். தளர்ச்சியை ஒப்புக்கொண்டு மீள்வதற்குச் சமணம் வகுத்த வழி பிரதிக்கிரமணம். விழுந்த இடத்தைக் கண்டு, பெயர் சொல்லி, மீண்டும் எல்லைக்குள் வருவது அது. வேலியில் ஒரு முள் சாய்ந்தால் அம்முள்ளை நிமிர்த்த வேண்டும். வேலி முழுவதையும் பிடுங்கி எறிவார் இல்லை.

இனித் தமிழ்ச் சமணர் இல்லத்திற்குள் நுழைந்து பார்ப்பது தகும். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர்ப் பகுதிச் சிற்றூர்களில் நிலமும் ஜினாலயமும் சூழ வாழ்ந்த குடும்பங்கள் பல, கல்வியும் அலுவலும் நாடித் திருவண்ணாமலைக்கும் சென்னைக்கும் குடிபெயர்ந்தன. சிற்றூரில் பொழுது சாயுமுன் உண்பதற்கு எவரும் முயல வேண்டியிருக்கவில்லை. தெருவே உண்டு முடித்திருக்கும், அடுப்பு அணைந்திருக்கும். ஊரே வேலியாக நின்றது. நகரத்தில் அவ்வேலி இல்லை. இவ்வூரில் கதிரவன் மறைவது பருவத்திற்கேற்ப ஏறத்தாழ மாலை 5.40க்கும் 6.40க்கும் இடையே. அரசு அலுவலகம் முடிவது 5.45 மணிக்கு. பிள்ளைகளின் தனிப்பயிற்சி வகுப்பு அதற்குப் பின்னரே தொடங்குகிறது. ஒன்பது மணிக்குக் கூடும் குடும்பம் ஒன்பதரைக்கு உண்கிறது. தீய எண்ணம் எவருக்கும் இல்லை. ஒற்றையடிப் பாதை உண்டாகிவிட்டது, பயிர் அழிகிறது.

அத்தகைய இல்லம் ஒன்றில் பேரன் பாட்டியிடம் கேட்கிறான் என்று கொள்க: ‘பாட்டி, அந்தக் காலத்தில் விளக்கு மங்கல், பூச்சி விழுந்தால் தெரியாது. இப்போது பகல்போல் வெளிச்சம் இருக்கிறது. இரவில் உண்டால் என்ன?’

இவ்வினாவைச் சினந்து அடக்குவது எளிது. அடக்கினால் பேரன் உணவை விட மாட்டான், பாட்டியிடம் கேட்பதை விட்டுவிடுவான். மருத்துவம் கூறுகிறது, மேனாட்டார் கூறுகின்றனர் என்று அயலாரிடம் சான்று கடன் வாங்குவதும் வேண்டுவதில்லை. பாட்டி இவ்வாறு கூறலாம்: ‘அப்பா, வெளிச்சம் கூடினால் பூச்சியும் கூடத்தானே வருகிறது? மழைக்காலத்தில் அந்த விளக்கைச் சுற்றிப் பார். அடுப்பு இரவெல்லாம் எரிந்தால் அதில் விழுவது எத்தனை உயிர்! அது ஒன்று. உன் அம்மா பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, இரவு பத்து மணிவரை அடுப்படியில் நிற்கிறாளே, அவளும் ஓர் உயிர்தானே! அது மற்றொன்று. நாவை ஒரு நேரத்தில் நிறுத்தத் தெரிந்தவனுக்குக் கையையும் வாயையும் நிறுத்தத் தெரியும். அது மூன்றாவது.’

ஆயின் 5.45 மணி அலுவலகத்திற்கு விடை என்ன? கதிரசாரனுக்கு முனிவர் அளித்த விடையே. இயலாததைச் சுட்டி வருந்தாமல் இயல்வதில் எல்லை இடுக. முதலாவதாக, இரவில் உணவகத்திலிருந்து உணவு வரவழைப்பதில்லை என்று குடும்பம் முடிவு செய்யலாம். அடுத்து, திங்களில் வரும் இரண்டு அட்டமி, இரண்டு சதுர்த்தசி ஆகிய நான்கு நாளும் பொழுது சாயுமுன் உண்ணலாம். அந்நாள்களில் அலுவலகத்திற்கு மாலைச் சிற்றுண்டியும் கையில் செல்லட்டும். அதற்கடுத்து, மழைக்கால நான்கு திங்களும் இரவில் சோறும் சமைத்த பண்டமும் விடலாம். சோறு, தின்பண்டம், நக்குவன, பருகுவன என்று உணவை நான்காக வகுத்து, இந்நான்கையும் இரவில் விடுபவனைச் சாவகனின் பதினொரு படிகளுள் ஆறாம் படியில் வைத்தார் சமந்தபத்திரர். ஆறாம் படி என்றால் அதற்குக் கீழே ஐந்து படிகள் உண்டு. முதல் படியில் நிற்பவன் ஆறாம் படியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. முதல் படியிலேயே அமர்ந்துவிடலும் ஆகாது. நோயாளருக்கும் சிறு குழந்தைக்கும் ஆற்றலுக்கு ஏற்பவே விரதம். விரதத்தின் பெயரால் ஓர் உயிரை வாட்டுவது விரதத்தின் வேரையே வெட்டுவதாகும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உணவு விரதம் கண்ணுக்குத் தெரிவது. ஆதலின் அதில் பெருமை கொள்வது எளிது. பொழுது சாயுமுன் உண்டெழுந்தவர், காலையில் கடை திறந்து தராசில் குறைத்து நிறுத்தால், அவர் நோற்றது என்ன? பொய் எடையும் கலப்படமும் கள்ளாமை விரதத்தின் வழுக்கள் என்று அதே நூல்கள் கூறுகின்றன. வயலின் ஒருபுறம் வேலி கட்டி, மற்ற மூன்று புறமும் திறந்துவைத்தவன் பயிரைக் காத்தவன் ஆகான். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, பொருளுக்கு அளவிடல் ஆகிய ஐந்து அணுவிரதங்களே வயல். மற்ற விரதங்கள் அதனைக் காக்கும் வேலி. வேலியைக் கட்டுவது வயலில் விளைவதற்காகவே.

இக்காலத்தில் பத்துத் திசையிலும் அடங்காத ஒரு திசை புதிதாகத் திறந்திருக்கிறது. அது கையடக்கக் கைப்பேசியின் திசை. இருந்த இடத்திலிருந்தே எல்லை கடக்கும் வழி அது. பயனின்றிப் பாவம் ஈட்டும் செயல்களை அனர்த்த தண்டம் என்று வகுத்த ஆசாரியர், மனத்தைக் கலக்கும் தீய செய்திகளைக் கேட்டலையும், நோக்கமின்றிக் காலத்தையும் உயிர்களையும் வீணாக்கும் மடியையும் அதில் சேர்த்தனர். நள்ளிரவில் படுக்கையில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர் எவரையும் துன்புறுத்த எண்ணுவதில்லை. ஆயினும் அவர் பொழுதும் துயிலும் பொறுமையும் தேய்கின்றன. இதற்கும் தேசாவகாசிக விரதமே வழி. வாழ்நாள் எல்லைக்குள் ஒரு நாளுக்கு, ஓர் இரவிற்குச் சிற்றெல்லை வகுப்பது அது. வீடு, தெரு, வயல், ஆறு என்று முன்னோர் அதற்கு அடையாளம் வைத்தனர். ‘இரவு ஒன்பது மணி முதல் கதிரவன் எழும்வரை கைப்பேசி கூடத்து அலமாரியைத் தாண்டாது’ என்பது இன்றைய தேசாவகாசிகம். தந்தை முதலில் வைத்தால் மகனும் வைப்பான். மகனை மட்டும் வைக்கச் சொன்னால் அது விரதமாகாது, தண்டனையாகும்.

திக்விரதத்திற்கு மலையையும் எல்லையாகக் கொள்ளலாம் என்று நூல் கூறியது. இம்மாவட்டத்தில் அதற்குக் குறைவில்லை. குந்தகுந்தாசாரியரின் திருவடிச் சுவடுகள் போற்றப்படும் பொன்னூர் மலை ஒருபுறம், 16 அடிக்கு மேல் ஓங்கி நேமிநாதர் நின்றருளும் திருமலை ஒருபுறம், நடுநாயகமாக அண்ணாமலை. இம்மலைகள் எங்கும் செல்வதில்லை. அவற்றைப் பார்த்தே வழிப்போக்கர் தம் திசையை அறிகின்றனர். ஒரு குடும்பத்தில் ஒருவர் ஏற்ற சிறு விரதமும் அத்தகையதே. அது பிறரை அழைப்பதில்லை, கடிந்துகொள்வதுமில்லை. அசையாமல் நிற்கிறது. வழி தவறிய பிள்ளை ஒருநாள் நிமிர்ந்து பார்க்கும்போது, வீடு எத்திசையில் இருக்கிறது என்பதை அது காட்டும்.

ஆதலின் இவ்விழாவிலிருந்து இல்லம் திரும்புவோர் பெரிய உறுதிகள் எவற்றையும் சுமந்து செல்ல வேண்டுவதில்லை. காக்கை ஊன் அளவிற்கு ஒரு சிறு விரதம் போதும். அதற்குப் பொருள் ஒன்று குறிக்க; எல்லை ஒன்று இடுக; நாள் ஒன்று வரையறுக்க; ஜினாலயத்தில் இறைவன் திருமுன்னரோ, இல்லத்தில் தாயின் முன்னரோ அதனை வாய்விட்டுச் சொல்லுக. அடுத்த சதுர்த்தசிக்கு இன்னும் சில நாளே உள்ளன.

அறவோர் நெறி வாழ்க. எவ்வுயிரும் இன்புறுக.